சாளைக்கு ஒரு கிட்டார், சீலாவுக்கு ஒரு கிட்டார்

ஒரு கிட்டாருக்குச் சாளை மீன் வந்தது, இன்னொரு கிட்டாருக்குச் சீலா மீன் வந்தது, விஷயம் அவ்வளவுதான். இதைக் கேட்டு நீங்கள் வாயைப் பிளந்தால் நீங்கள் கடற்கரைக்காரர் இல்லை என்று நான் அங்கேயே கண்டுகொள்வேன், ஏனென்றால் கடலிலிருந்து எது வந்தாலும் எங்கள் ஊரில் முதலில் அதைப் பெட்டியில் அள்ளிப் போட்டு, ஏலம் விட்டு, மிச்சத்தைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, கையைக் கழுவிய பிறகுதான் அது ஏன் வந்தது என்று யோசிப்பார்கள், அதற்குள் தூக்கம் வந்துவிடும். நான் தொபியாஸ், கூட்டந்தாழைக் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவன். என் தொண்டைக்கு மைக் வேண்டாம். இங்கே நின்று நான் 'ஒருதரம்' என்றால் கீழத்தெருவில் கோழி பதறி எழும்பும். பேச்சுதான் எனக்குச் சோறு, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், அவசரக்காரர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

எங்கள் கோவில் பாடற்குழுவுக்கு ஒரு கிட்டார் இருந்தது. உப்புக்காற்று தின்றதுபோக மிச்சம் இருந்தது என்று சொல்வதுதான் சரி. அதன் கழுத்து வளைந்து, கம்பியெல்லாம் துருவேறி, போன திருவிழாவில் பெரிய பூசை நடந்துகொண்டிருக்கும்போது, எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில், கம்பிகளைப் பிடித்துவைத்திருந்த கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து, பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற கோவில்பிள்ளையின் நெற்றியில் அடித்தது. அவர் 'ஆமென்' என்று கத்தினார், நாங்களும் ஆமென் என்றோம். அன்றைக்கே ஊர்க்கமிட்டி கூடிப் புதுக் கிட்டார் வாங்குவதென்று முடிவானது. திருவிழாப் பணமும், துபாயில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் அனுப்பியதும் சேர்ந்து, எந்தக் கிட்டாருக்கும் போதும் என்றிருந்தது, அதனால் வாங்குவதில் சிக்கல் இல்லை, எதை வாங்குவது என்பதில்தான் வந்தது வினை.

கோவிலில் கிட்டார் வாசிக்கிறவள் ஜெசிந்தா. கோவிலுக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கிறாள், பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் விடுதியில் தங்கிப் படித்தபோது கற்றுக்கொண்டது இந்தக் கிட்டார். ஊர்முறையில் என்னை மாமா என்பாள். எங்கள் ஊரில் மாடு வாங்கினாலும் மோட்டார் வாங்கினாலும் பெண்ணுக்குக் கம்மல் வாங்கினாலும் ஏலக்காரனைக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம், விலை பேச வாய் வேண்டுமில்லையா, அதனால் தூத்துக்குடி பஜாருக்கு அவளோடு நானும் போனேன்.

கடைக்காரர் சவரிராயன் இரண்டு கிட்டாரை எடுத்து மேசையில் படுக்கப் போட்டார். நான் வழக்கப்படி குனிந்து, செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி நடுவில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, மோந்து பார்த்தேன்.

"அண்ணாச்சி, அது மீன் இல்ல" என்றார் சவரிராயன்.

"எதுவானாலும் பழசா புதுசான்னு உள்ளதானய்யா பாக்கணும்" என்றேன். விட்டுக்கொடுப்பேனா?

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒன்று நடுத்தர விலை. முன்பலகை மட்டும் முழு மரம், முதுகும் விலாவும் ஒட்டுப்பலகை, உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும், அடித்தால் அழகாகப் பேசும், பேசிவிட்டு உட்கார்ந்துவிடும். இன்னொன்று உயர்ந்த விலை, அதைப்போல் மூன்று மடங்கு. முன்னும் பின்னும் முழு மரம், கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும், ஆனால் கையை எடுத்த பிறகும் சத்தம் நிற்கும். ஜெசிந்தா இரண்டையும் வாசித்துப் பார்த்தாள், வாசலில் மினிபஸ் ஹாரன் அடித்தது, பக்கத்துக் கடையில் இரும்பு அறுத்தார்கள், எதிரே ஒருவன் பூண்டு பூண்டு என்று கூவினான், அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோவில் பழைய வாடிக்கை என்பதால் சவரிராயன் வருகிற திங்கட்கிழமை ரெண்டையும் வேனில் அனுப்புவதாகச் சொன்னார். "ஒரு வாரம் வச்சு வாசிச்சுப் பாருங்க. அடுத்த திங்கக்கிழமை வேன் வரும், ஒண்ணு நிக்கட்டும், ஒண்ணு திரும்பட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள், அதை நான் அப்போது காதில் வாங்கினேனே தவிர மனசில் வாங்கவில்லை.

"மாமா, நானா ஒரு மெட்டு கட்டிருக்கேன். பாட்டு இல்ல, வெறும் மெட்டு. நேரா போயிட்டே இருக்கும், ஒரு எடத்துல திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு அங்கிட்டு இதுவரைக்கும் ஒரு ஆள் கேட்டதில்ல. கோவில்ல வாசிச்சா பங்குச்சாமி மணி அடிச்சிருதாரு. கல்யாண வீட்டுல வாசிச்சா பந்தி போட்டிருதாவ. வீட்டுக்குக் கொண்டுபோயி வாசிச்சா எங்க வீட்டுக்காரரு தூங்கிருதாரு. தூங்கினாலும் நான் நிறுத்த மாட்டேன், முழுசா முடிச்சிட்டுத்தான் வைப்பேன், ஆனா பாயும் தலகாணியும் கேட்டு என்ன செய்ய? எவராச்சும் ஒருத்தர் முழுசா கேட்டுட்டு, இந்தக் கிட்டார்ல நல்லாருக்கு, அந்தக் கிட்டார்ல நல்லாயில்லன்னு சொல்லணும். அதுக்குப் பொறவுதான் எனக்குத் தெரியும். இனி ஆயுசுக்கும் நான் வாசிக்கப்போற கிட்டார் மாமா."

"அதுக்கென்ன, ஊரே கேக்கும்" என்றேன். எனக்கென்ன, வாய் சும்மாதானே கிடக்கிறது.

திங்கட்கிழமை வேன் வந்தது. படகுக்குப் பேர் வைக்கிற ஊர் கிட்டாருக்குப் பேர் வைக்காமல் இருக்குமா, பெட்டியைப் பிரிப்பதற்குள் நடுவிலைக் கிட்டாருக்கு 'நடுவுள்ளவ' என்றும், விலை கூடியதற்குச் 'சீமாட்டி' என்றும் பேர் விழுந்தது. கடலைப் பார்த்த கோவில் மண்டபத்துப் படியில் ஜெசிந்தா உட்கார்ந்தாள். சுற்றிக் கமிட்டிக்காரர்கள், பங்குச்சாமி, மீன்கூடையோடு மதலேன், விசைப்படகு முதலாளி பெர்க்மான்ஸ், நான், பத்துப் பூனைகள். முதலில் நடுவுள்ளவளை மடியில் வைத்து மெட்டைத் தொடங்கினாள், அது நேராகப் போய்க்கொண்டிருந்தது, கீழே அலையில் பளபளவென்று ஏதோ துள்ளியது, மதலேன் எட்டிப் பார்த்து, "சாளை" என்றாள், சொன்ன கையோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கரையெல்லாம் சாளை, ஏழைக்கும் எட்டுகிற மத்தி. பெட்டியை முக்கினால் பெட்டி நிறைந்தது. வீட்டுக்கு வீடு சட்டி, பானை, குழந்தை குளிக்கிற டப்பா எல்லாம் வந்தது. ஜெசிந்தா திருப்பத்துக்கு வந்தபோது மண்டபத்தில் பூனைகூட இல்லை.

எல்லாம் ஓய்ந்தபின், கையைத் துடைத்துக்கொண்டு பெர்க்மான்ஸ் மேலே ஏறி வந்தார். "அந்தச் சீமாட்டியையும் ஒரு தட்டு தட்டும்மா, பாப்போம்." தட்டினாள். சீலா வந்தது. சீலா, வெளியூரில் வஞ்சிரம் என்பார்கள், கரைக்கு வருகிற மீனே இல்லை, ஆழத்தில் திமிராகத் திரியும், அதைத் தேடி டீசல் எரித்தே பலபேர் கடனாளி ஆனார்கள். அது இங்கே முழங்கால் தண்ணீரில், கை நீளத்துக்கு, நல்ல பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றது. பெர்க்மான்ஸ் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினார்.

அன்று மாலை பங்குச்சாமி எங்களைக் கூப்பிட்டார். அவர் கொடைக்கானல் பக்கத்து மனிதர், மீன் தொட மாட்டார், எங்கள் ஊருக்கு அவரை ஏன் மாற்றினார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் விளங்காத ஒரே விஷயம். "இதை அற்புதமென்று மேற்றிராசனத்து ஆயருக்கு எழுதட்டுமா?" என்று கேட்டார்.

"எழுதுங்க சாமி" என்றாள் மதலேன். "எழுதினா விசாரிக்க ஆளு வருவாவ. வாரவியளுக்கு மூணு வேளை சோறு போடணும், மீனு இல்லாம அவியளுக்கு எறங்காது, ஜெசிந்தா அவியளுக்கும் சேத்து வாசிக்கணும். அவளுக்குத்தான் கை வலிக்கும்."

சாமி எழுதவில்லை.

மறுநாளே ஊர் பழகிவிட்டது. காலையில் நடுவுள்ளவ, அடுப்படிக்கு. மத்தியானம் சீமாட்டி, கம்பெனி ஐஸ் வேனுக்கு. கம்பிக்குக் கம்பி மீன் வேறு என்பதையும் பெண்கள் கண்டுபிடித்தார்கள். நடுவுள்ளவளின் தடித்த கம்பிக்குக் காரல் வரும், மெல்லிய கம்பிக்கு நெத்திலி வரும், ரெண்டையும் சேர்த்து மீட்டினால் கலந்து வரும், பிரிப்பதற்குள் உயிர் போகும், அதனால் ஒவ்வொன்றாக வாசி என்றார்கள். தையல்கடை வாசலில் ரவிக்கை தைக்க வந்தவர்களைவிட மீன் சொல்ல வந்தவர்கள் கூட்டம். "ஏட்டி, மருமவளுக்குப் பிள்ள பொறந்திருக்கு, பாலு ஊறணும், ரெண்டு பால்சுறா வருமான்னு பாரு" என்று மேலத்தெருவிலிருந்து ஒருத்தி வந்து நின்றாள். ஜெசிந்தா விரலை நீட்டி மடக்கி, உதட்டைக் கடித்து, யோசித்து யோசித்து ஒரு சோகமான சுருதி பிடித்தாள், பால்சுறா ரெண்டு வந்தது, மூன்றாவது ஒன்று வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்தப் பிள்ளை இப்போது கொழுகொழுவென்று இருக்கிறது.

சீமாட்டிக்கு வந்ததெல்லாம் வேறு தினுசு. சீலா, வாவல், சிங்கி இறால், எல்லாம் கம்பெனிக்காரன் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாமான். நான் நின்று கூவினேன், என் ஆயுசில் அப்படிக் கூவியதில்லை, என் குரல் ஒரு பக்கம், ஐஸ் உடைக்கிற சத்தம் ஒரு பக்கம், வேன் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் ஒரு பக்கம், நடுவில் எங்கேயோ ஜெசிந்தா. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சீலா அத்தனையும் ஐஸுக்குள் படுத்து வெளியூர் போய்விடும். கடலே வந்து கரையில் நின்ற நாளிலும் என் வீட்டில் அதே சாளைக்குழம்புதான்.

மதலேன் இதைச் சும்மா விடுவாளா? "சீமாட்டி வாசிச்சா முதலாளிக்குச் சிரிப்பு, நடுவுள்ளவ வாசிச்சா எங்களுக்குக் குழம்பு. அந்தச் சீமாட்டியத் திருப்பி அனுப்புங்க" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். "சாளைக்கா இம்புட்டுப் பாடு? மூணு மடங்கு குடுத்தா முப்பது மடங்கு திரும்பும். நடுவுள்ளவளக் கட்டி அனுப்புங்க" என்றார் பெர்க்மான்ஸ். ஊர் ரெண்டானது. மேலத்தெரு பெரும்பாலும் சீமாட்டி, கீழத்தெரு முழுக்க நடுவுள்ளவ. மச்சானும் மச்சானும் பேசவில்லை. ஒரு கல்யாணப் பேச்சு பாதியில் நின்றது. பூனைகள் மட்டும் ஒரே கட்சி, நடுவுள்ளவ பெட்டிமேல்தான் படுத்தன.

இதற்கு நடுவில் வெள்ளிக்கிழமை, ஏலம் முடிந்து நான் தொண்டைக்கு இதமாகச் சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, ஜெசிந்தா வந்து எதிரே நின்றாள். விரலெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"மாமா, இன்னைக்கு என்ன வாசிச்சேன்?"

"இன்னைக்கா? சீலா வாசிச்சே. கடைசியில கொஞ்சம் வாவல்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கண் நிறைந்துவிட்டது, அதற்குப் பிறகு வாயும் திறந்துவிட்டது.

"ஊரே கேக்கும்னு சொன்னியளே! கேட்டியளா? காதுல என்ன வலையா வச்சிருக்கிய? திருப்பத்துக்கு வாரதுக்குள்ள ஓடிருதிய, அத்தன பேரும் ஓடிருதிய, நான் காலி மண்டபத்துக்கு வாசிக்கேன். நான் என்ன தூண்டிலா? உங்க கூச்சல்ல எனக்கே ரெண்டுல எது நல்லாருக்குன்னு தெரியல. திங்கக்கிழமை வேன் வந்துரும். சாளையையும் சீலாவையும் வச்சு நீங்க ஒண்ண எடுத்துக் கையில தருவிய, நான் சாவுற வரைக்கும் அத வாசிக்கணும், அப்படித்தானே?"

நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சுக்குக்காப்பி ஆறியதுதான் மிச்சம்.

சனிக்கிழமை மண்டபத்தில் ஊர்க்கூட்டம். சத்தம் கூரையைப் பிரித்தது. பெர்க்மான்ஸ் எழுந்தால் மதலேன் எழுந்தாள், மதலேன் உட்கார்ந்தால் பெர்க்மான்ஸ் எழுந்தார். சாமி மணியை அடித்துப் பார்த்தார், மணியை யாரோ வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்போது ஜெசிந்தா எழுந்து, "நாளைக்கு ரெண்டையும் வாசிக்கேன். கடக்கரையில, சாயங்காலம் நாலு மணிக்கு. எல்லாரும் வாங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணுவோம்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஏனென்றால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் வலை நனையக் கூடாது. வலை மட்டுமில்லை, தூண்டில், கூடை, கை எதுவும் கூடாது. கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு, மீறினவன் எவனாக இருந்தாலும் கோவில் வாசலில் எரிகிற மெழுகுவர்த்தியோடு பூசை முடியும்வரை நிற்க வேண்டும், பெர்க்மான்ஸின் அப்பாவே ஒருதரம் நின்றிருக்கிறார்.

"ஏட்டி, ஞாயித்துக்கிழமை மீன் வந்து என்னத்துக்கு ஆவும்?" என்றாள் மதலேன்.

"அதுக்குத்தான் மைனி" என்றாள் ஜெசிந்தா.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஊர் முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தது. வேலை இல்லாத நாள், போக வேறு இடமும் இல்லை, என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்ற எண்ணம்தான் எல்லாருக்கும். முன்வரிசையில் அவள் புருசன் கஸ்பார். ஆறடி ஆள், வலைக்காரன், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அன்று காய்ச்சல் என்று அர்த்தம். பெண்டாட்டி கிட்டாரைத் தொட்டதும் மணலில் மல்லாந்து, கையைத் தலைக்கு வைத்து, கண்ணை மூடிவிட்டான். 'போச்சு, இவன் ஆரம்பிச்சிட்டான்' என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதலில் நடுவுள்ளவ. சாளை வந்தது. அலை முழுக்க வெள்ளியாக வந்து காலடியில் துள்ளியது, பெண்களின் கை தானாகப் பெட்டியைத் தேடி, பெட்டி இல்லாததால் மணலைப் பிசைந்தது. மதலேன் தன் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு சாளை துள்ளி வந்து என் காலில் விழுந்தது. "சாமி, தானா வந்து விழுந்ததை எடுத்தா கட்டுப்பாட்டுல சேருமா?" என்று குசுகுசுத்தேன். "சேரும், வாயை மூடும்" என்றார் சாமி. காலால் தள்ளிவிட்டேன், வயிறு எரிந்தது. மெட்டு நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது, திருப்பத்துக்கு வந்தது, யாரும் எழும்பவில்லை, எழும்பி எங்கே போவது, மெட்டு திரும்பியது.

எங்களுக்கு அது புது இடம். அப்போதுதான் நான் தண்ணீரைப் பார்த்தேன், சாளை துள்ளுவதை நிறுத்தியிருந்தது. அவையும் பாவம், அந்தத் திருப்பத்துக்கு அங்கிட்டு இதுவரைக்கும் கேட்டதில்லை, கேட்பதற்குள்தான் நாங்கள் அள்ளிவிடுவோமே. கரையில் நாங்கள், தண்ணீரில் அவை, யாரும் அசையவில்லை. மெட்டு முடிந்தது. முடிந்ததும் சாளையெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி, பூசை முடிந்து வீட்டுக்குப் போகிற ஜனம் மாதிரி, தள்ளுமுள்ளு இல்லாமல் கடலுக்குள் போய்விட்டன.

"போயிருச்சே" என்றது ஒரு குரல். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பிறகு சீமாட்டி. சீலா வந்தது, வாவல் வந்தது, பெயர் தெரியாத பெரிய மீன்கள் தூரத்தில் முதுகைக் காட்டி நின்றன. பெர்க்மான்ஸ் முதலில் எண்ணினார், உதடு அசைவதை நான் பார்த்தேன், முப்பதோ நாற்பதோ வரும்போது உதடு நின்றுவிட்டது. மெட்டு திரும்பியது. இந்தத் தடவை எங்களுக்குத் தெரிந்த திருப்பம், அதனால் இன்னும் நன்றாகக் கேட்டது. மெட்டு ஓய்ந்து, ஜெசிந்தா கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள், ஆனாலும் சத்தம் போகவில்லை, கொஞ்ச நேரம் எங்கள் மேலேயே நின்றது, மீன்களும் நின்றன, அது முழுக்க அடங்கிய பிறகுதான் அவை திரும்பின. நான் மூக்கை உறிஞ்சினேன். என்னமோ தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கிற ஆள் நான் இல்லை.

ஜெசிந்தா என்னைத்தான் பார்த்தாள். "என்ன வாசிச்சேன் மாமா?"

சீலா என்று சொல்ல வாய் வரவில்லை. வாசித்ததையே திருப்பிச் சொல்லிவிடலாம் என்று முனகத் தொடங்கினேன், இவ்வளவு பெரிய தொண்டை எனக்கு, நேராகப் போகிற வரைக்கும் போனேன், திருப்பத்தில் எங்கேயோ போய் முட்டிக்கொண்டேன். நாலு பேர் உதவிக்கு வந்தார்கள், அவர்களும் முட்டிக்கொண்டார்கள். ஜெசிந்தாவின் முகம் வாடத் தொடங்கியது.

அப்போது கீழேயிருந்து ஒரு முனகல் வந்தது. மல்லாந்து கிடந்த கஸ்பார், கண்ணைத் திறக்காமல், மெட்டை எடுத்து, திருப்பத்தில் அழகாகத் திருப்பி, அங்கிட்டு உள்ளது அத்தனையும் ஒரு பிசகு இல்லாமல் கடைசி வரைக்கும் முனகி முடித்தான்.

"நீங்க தூங்கலியா?" என்றாள் ஜெசிந்தா.

"தூங்கத்தான் செஞ்சேன்."

"அப்ப இது?"

"கல்யாணம் ஆன நாள்லயிருந்து இதத்தானே கேக்கேன். முழிச்சிருந்தா காதுல கடல் எரையுது. தூங்கினாத்தான் நீ வாசிக்கது கேக்கும்." அன்றைக்கு அவன் பேசிய பேச்சுக்கு ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருக்க வேண்டும். "மொதல்ல வாசிச்சியே, அது நம்ம பழைய கிட்டாரு மாதிரிதான், நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவதுலதான் நீ கடைசியில என்ன சொல்ல வாரேன்னு முழுசா கேட்டுச்சு. இத்தன நாளும் அது சொல்லி முடிக்கதுக்குள்ள கம்பி அடங்கிரும்."

"பாவி மனுசா" என்றாள் அவள். ஓங்கி அவன் தோளில் ஒரு அடி வைத்தாள், அப்படியே அந்தத் தோளில் முகத்தை வைத்து ஊர் பார்க்க அழுதாள், சீமாட்டி அவள் மடியிலிருந்து சரியாமல் சாமி பிடித்துக்கொண்டார்.

முதலில் பேசியது மதலேன். "சீமாட்டியையே வைங்க" என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"என்ன பாக்கிய? காலையில எழும்பினா கூடையத் தூக்கி, சந்தைக்கு ஓடி, வந்து சோறு பொங்கி, எனக்கு எதுவும் கொஞ்ச நேரம் நின்னதில்ல. அவ சத்தம் நிக்கி. எனக்கு அது வேணும். குழம்பு பெரிய காரியமா? கிட்டாரு வாரதுக்கு முன்ன நாம என்ன பட்டினியா கெடந்தோம்? நமக்கு வல வீசத் தெரியாதா? ஆனா ஒண்ணு. அவள ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் வாசிக்கணும். வல நனையுற நாள்ல அவளத் தொடக் கூடாது."

"ஒரு புதன்கிழமை மட்டும்..." என்று பெர்க்மான்ஸ் இழுத்தார். ஊரே அவரைப் பார்த்தது. "சரி, ஞாயிறு" என்றார். அவர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன், மணல் விழுந்தது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

திங்கட்கிழமை வேன் வந்தது. நடுவுள்ளவளை மஞ்சள் குங்குமம் வைக்காத குறையாக வழியனுப்பினோம். வேன் புறப்பட்டதும் ஊர்ப்பூனைகள் எல்லாம் அதன் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தே போய், வேன் மறையும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, என்னைத் திட்டுவதுபோல் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே திரும்பின. நடுவுள்ளவளைத் தூத்துக்குடியில் யாரோ மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் வாங்கியிருக்கிறாராம், அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் அடிக்கடி நெத்திலி வருகிறதாம், அது அவர் பாடு. சீமாட்டி எங்கள் கோவிலில், சாமியின் பூசை உடுப்பு வைக்கிற அலமாரியில், உப்புக்காற்று படாமல், மதலேனின் கல்யாணப்பட்டைச் சுற்றிக்கொண்டு ஆறு நாளும் தூங்குகிறாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீங்கள் கூட்டந்தாழைக்கு வந்தால் பார்க்கலாம். கரையில் நாங்கள் உட்கார்ந்திருப்போம், முழங்கால் தண்ணீரில் சீலா வந்து நிற்கும், யாரும் யாரையும் தொட மாட்டோம், கேட்டுவிட்டு அவை கடலுக்குப் போகும், நாங்கள் வீட்டுக்குப் போய் முட்டைக்குழம்பு சாப்பிடுவோம். அந்த நேரம் முழுக்க நான் வாயைத் திறப்பதில்லை, நம்பாவிட்டால் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் ஒருத்தன் மல்லாந்து, குறட்டைகூட விட்டுக்கொண்டு தூங்குவான். வெளியூர்க்காரர்கள் சிலர் மரியாதைக் குறைவு என்று அவனைத் தட்டி எழுப்பப் போவார்கள், உடனே ஜெசிந்தா வாசித்துக்கொண்டே தலையை அசைத்து வேண்டாம் என்பாள். நாங்களும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவோம். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.